கடைக்காலில் தொடங்கட்டும் வெளிச்சம்

(இயற்பியல் மூன்றாம் ஆண்டு மாணவன்)

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். இரண்டும் எளிய காரியங்கள் அல்ல என்பது அதன் கருத்து. அந்தப் பழமொழியைச் சொன்ன பெரியவர் இன்று எங்கள் கூத்தாநல்லூருக்கு வந்து, மாலையில் மக்ரிபுத் தொழுகைக்குப் பிறகு எங்கள் தெருவில் ஒரு நடை நடந்து பார்த்தால், மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துச் சொல்வார் என்று நினைக்கிறேன்: ‘கட்டிய வீட்டில் விளக்கைப் போட்டுப்பார்!’

ஆம், நண்பர்களே! வீடு கட்டப் புகும் நாம் மனையைப் பார்க்கிறோம், நாளைப் பார்க்கிறோம். நிலைவாசலுக்குத் தேக்கா, வேங்கையா என்று வாரக்கணக்கில் வாதாடுகிறோம். தரைக்கு என்ன கல் பதிக்கலாம் என்று திருச்சி வரை சென்று திரும்புகிறோம். விளக்கை மட்டும் கடைசிக்குத் தள்ளிவிடுகிறோம். பூச்சு வேலை முடிந்து, குடிபுகும் நாளும் குறித்த பிறகுதான், ‘ஒயர்மேனைக் கூப்பிடு’ என்கிறோம். அப்படிக் கடைசியில் கூப்பிடப்படும் ஒயர்மேன் ஒருவரின் மகன் நான். விடுமுறை நாள்களில் அத்தாவுடன் ஏணி தூக்கிப் போய் வேலை பழகியவன். ஆகவே இதுபற்றிப் பேச எனக்குச் சிறிது உரிமை உண்டு என்று கருதுகிறேன்.

நான் சொல்ல வருவது இதுதான்: வீட்டின் வெளிச்சத்திற்குக் கடைக்கால் போடும் நாளிலேயே இடம் குறிக்க வேண்டும். அந்த இடத்தைக் குறிக்கும்போது, அந்த வீட்டில் இரவும் பகலும் வேலை செய்யப்போகும் பெண்களை முதலில் கேட்க வேண்டும். இரண்டையும் நாம் செய்வதில்லை. அதனால் விளையும் கேட்டை என் சொந்த வீட்டிலேயே கண்டேன்.

எங்கள் ஊர் வீடுகள்

கூத்தாநல்லூரைப் பற்றி நம் கல்லூரியில் பலருக்குத் தெரிந்திருக்கும். மன்னார்குடிக்கும் திருவாரூருக்கும் இடையில், நாற்புறமும் நெல்வயல் சூழ நிற்கும் ஊர். முன்பு தஞ்சை மாவட்டம். 1991இல் நாகை மாவட்டத்தோடு போயிற்று. 1997 முதல் திருவாரூர் மாவட்டம். மாவட்டம் மாறினாலும் ஊரின் வாழ்வு மாறவில்லை. வயலை நம்பியவர் பாதி, கப்பலை நம்பியவர் பாதி. மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும், பின்னாளில் வளைகுடா நாடுகளுக்கும் சபுர் போனவர்கள் அனுப்பிய பணத்தால் எழுந்த வீடுகள் தெருவெங்கும் உண்டு. ‘சின்னச் சிங்கப்பூர்’ என்று எங்கள் ஊரைச் சொல்வது அதனால்தான்.

பழைய வீடுகளைப் பாருங்கள். அகலம் குறைவு, நீளம் மிகுதி. தெருப்பக்கம் திண்ணை, அதைத் தாண்டினால் நடை, அப்புறம் தாழ்வாரம் சூழ்ந்த முற்றம், அதற்கும் பின்னால் அடுக்களை, கடைசியில் கொல்லை. இருபுறமும் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டி நிற்பதால் பக்கச் சன்னலுக்கு வழியில்லை. அந்த நீண்ட வீட்டின் நடுவயிற்றுக்கு வெளிச்சம் எங்கிருந்து வரும்? மேலிருந்துதான் வரவேண்டும். அதற்காகவே முற்றம் வைத்தனர். அது பின்னால் யோசித்து உடைத்த ஓட்டை அல்ல. கடைக்கால் தோண்டும்போதே கயிறு பிடித்து அளந்து விட்ட இடம். மின்சாரம் இல்லாத காலத்துக் கொத்தனார், வெளிச்சத்தை முதலில் வைத்துவிட்டு அதைச் சுற்றித்தான் வீட்டைக் கட்டினார்.

இரவு வெளிச்சத்திற்கும் அப்படியே இடம் விட்டனர். நிலைவாசலின் இருமருங்கும், நடையிலும், தாழ்வாரச் சுவரிலும் விளக்கு மாடங்கள் உண்டு. சுவர் எழும்பும்போதே செங்கல்லை விட்டுக் குழியாகக் கட்டியவை அவை. காற்று அணைக்காமல், கைபட்டுக் கவிழாமல், கரி ஓரிடத்திலேயே படியும்படி எண்ணிச் செய்த வேலை.

எங்கள் சபுராளிகள் கடல் கடந்து போன இடத்திலும் இதையே கண்டனர். சிங்கப்பூரில் 1822இல் இராபிள்ஸ் வகுத்த நகரத் திட்டம், கடைவீடுகளின் முன்னால் நிழல் நடை தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று விதித்தது. அந்தக் கடைவீடுகளும் எங்கள் வீடுகளைப் போலவே ஒடுங்கி நீண்டவை. அவற்றின் நடுவிலும் ஒளிக்கும் காற்றுக்கும் திறந்த கிணறு போன்ற இடம் விட்டிருக்கிறார்கள். கட்டியவர்கள் பெரும்பாலும் சீனர். வேறு மொழி, வேறு சமயம். ஆனால் கேள்வி ஒன்றாக இருந்ததால் விடையும் ஒன்றாக அமைந்தது.

இப்படிச் சொல்வதால் பழமை எல்லாம் பொன் என்று நான் வாதாடுவதாக எண்ண வேண்டாம். அந்தப் பெரிய வீடுகளிலும் ஓர் இருட்டு இருந்தது. ஆண்கள் உட்கார்ந்த திண்ணைக்கு வெளிச்சம் உண்டு. நெல்லும் மிளகாயும் காய்ந்த முற்றத்திற்கும் வெளிச்சம் உண்டு. அடுக்களைக்கோ கரி படிந்த ஒரு சிறு சன்னல். வீட்டில் அதிக நேரம் யார் எங்கே உழைத்தாரோ, அங்கேதான் ஒளி குறைவாக இருந்தது. மதிப்புள்ளவர் அமரும் இடத்திற்கு வெளிச்சம் என்ற இந்தப் பழக்கம் மின்சாரம் வந்த பிறகும் போகவில்லை என்பதுதான் என் மனக்குறை.

முற்றம் மூடிய கதை

இங்கிலாந்தில் 1696இல் சன்னல்களின் எண்ணிக்கையைக் கொண்டு வீட்டுக்கு வரி விதித்தார்கள். 1851 வரை அந்த வரி நீடித்தது. வரிக்கு அஞ்சிய மக்கள் தம் சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தனராம். வெளிச்சத்திற்கு வரி கட்ட முடியாமல் இருட்டில் வாழ்ந்தார்கள். நமக்கு அப்படி ஒரு வரியும் இல்லை. ஆனாலும் நாமே விரும்பி முற்றத்தை மூடிக்கொண்டோம்!

காரணங்கள் இல்லாமல் இல்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் முற்றத்தில் சாரல் அடிக்கிறது. திருடர் பயம் இருக்கிறது. பாகம் பிரித்ததில் மனை பாதியாகிவிட்டது. ஒரு அறை கூடக் கிடைத்தால் போதும் என்ற நிலை. இவை எல்லாம் உண்மை. ஆனால் முற்றத்தை மூடும்போது, அது இதுவரை செய்துவந்த வேலையை இனி யார் செய்வது என்று ஒருவரும் கேட்கவில்லை. மழையும் திருடனும் வராமல் தடுத்தோம். அவர்களோடு சேர்த்துச் சூரியனையும் தடுத்துவிட்டோம். இன்று எங்கள் தெருவில் உச்சி வெயில் கொளுத்தும்போது, வீட்டுக்குள் டியூப்லைட் எரிகிறது. வெளியே வெயிலில் ஒளியின் அளவு ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். உள்ளே அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாமல் விளக்குப் போட்டுக்கொண்டு வாழ்கிறோம்.

எங்கள் வீடும் அந்த வரிசையில் சேர்ந்ததுதான். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் அண்ணன் 2017இல் பணம் அனுப்பி, பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டச் சொன்னார். படமும் கைப்பேசியில் அங்கிருந்தே வந்தது. பெரிய கூடம், அதன் முகட்டில் அலங்கார விளக்குகள், தெருவில் போவோர் நின்று பார்க்கும் முகப்பு. முற்றம் போயிற்று. மேல்தளத்திற்குக் கான்கிரீட் போட்ட நாளில் அத்தா வேறு ஊரில் ஒரு மண்டப வேலையில் இருந்தார். தளம் போட்டவர்கள் வழக்கப்படி அறைக்கு ஒரு பெட்டி, நட்டநடுவில், விட்டுவிட்டார்கள். ‘மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்றார் அத்தா. ஊருக்கெல்லாம் வெளிச்சம் போட்ட கை, சொந்த வீட்டில் ‘பிறகு’ என்று சொல்லிற்று.

அடுத்த ஆண்டு, 2018 நவம்பர் 16ஆம் நாள் விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தது. டெல்டா மாவட்டங்களில் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்பப் பல நாள்கள் ஆயின. அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. எங்கள் புது வீட்டின் நடு அறையில் காலை பத்து மணிக்கும் மெழுகுவத்தி ஏற்ற வேண்டியிருந்தது. பக்கத்தில் என் சின்ன நன்னாவின் பழைய ஓட்டு வீடு. பாதி ஓடு பறந்திருந்தது. ஆயினும் அதன் தாழ்வாரத்தில் உட்கார்ந்து நான் பாடம் படித்தேன். பெண்கள் அங்கேதான் அரிசி புடைத்தார்கள். பல லட்சம் செலவிட்ட வீட்டைவிட்டு, ஓடு பறந்த வீட்டிற்கு வெளிச்சம் தேடிப் போனோம். அந்தக் காட்சி என் மனத்தில் இன்னும் நிற்கிறது.

ஒரு படி, ஒரு சுவிட்சு

அது வந்து போகும் துன்பம். நிலைத்த துன்பம் 2021இல் வந்தது.

என் நன்னி விடியுமுன் எழுந்துவிடுவார்கள். சுபுஹுத் தொழுகைக்கு ஒளு செய்யக் கொல்லைப்பக்கக் குழாய்க்குப் போவது அவர்களின் நெடுநாள் வழக்கம். பழைய வீட்டில் அந்த வழியில் முற்றத்து வானம் இருந்தது. நிலவில்லாத நாளிலும் மாடத்தில் ஒரு சிறு விளக்கு இருந்தது. புது வீட்டில் அடுக்களையைத் தாண்டியதும் தரை ஒரு படி இறங்குகிறது. அந்த இடத்தில் விளக்கு இல்லை. கொல்லை விளக்கின் சுவிட்சோ கூடத்தில், தெருக்கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. நூறு அடி முன்னால் போய்ச் சுவிட்சைத் தட்டிவிட்டு, மறுபடி நூறு அடி பின்னால் வருவாரா எழுபது வயது மூதாட்டி? சுவரைத் தடவிக்கொண்டே போனார்கள். ஒரு நாள் படி காலுக்குத் தெரியவில்லை. இடுப்பெலும்பு முறிந்தது. தஞ்சையில் அறுவை நடந்தது. இன்று நடைச்சட்டம் பிடித்து நடக்கிறார்கள். தனியாகக் கொல்லைக்குப் போவதில்லை.

மருத்துவமனையிலிருந்து அழைத்து வந்த அன்று அம்மா சொன்ன சொல் எனக்கு மறக்கவில்லை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

“வீடு கட்டுறப்ப என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேங்க. ராத்திரியில இந்த வீட்டுல யாரு எங்கே நடக்குறாங்கன்னு எனக்குத்தானே தெரியும்.”

அத்தா பதில் சொல்லவில்லை. மறுநாள் அந்தப் படிக்கு மேலே ஒரு விளக்கும், அடுக்களை வாசலில் ஒரு சுவிட்சும் போட்டார். தளத்திற்குள் குழாய் இல்லாததால் சுவரின் மேலேயே பிளாஸ்டிக் குழாய் ஓடிற்று. புதுச் சுவரில் அந்தக் குழாய் ஒரு தழும்பு போலத் தெரிகிறது. அதை மறைக்க அத்தா இதுவரை வண்ணம் பூசவில்லை.

ஏன் முதலிலேயே வேண்டும்?

‘விளக்குத்தானே, எப்போது வேண்டுமானாலும் மாட்டலாமே’ என்று கேட்போர் உண்டு. மாட்ட முடியாது என்பதற்குத் தொழில் முறையில் காரணங்கள் இருக்கின்றன. நம் பேராசிரியர்கள் பிழை இருந்தால் பொறுப்பார்களாக.

மேல்தளத்திற்குக் கம்பி கட்டி முடித்து, கான்கிரீட் கொட்டுவதற்கு முன் ஓர் இடைவேளை உண்டு. அந்த ஒரு நாளில்தான் ஒயர் போகும் குழாயையும், விளக்குக்கும் மின்விசிறிக்கும் உரிய பெட்டிகளையும் கம்பிகளுக்கிடையே வைத்துக் கட்ட முடியும். கான்கிரீட் இறுகிய பிறகு தளத்தைக் கொத்தினால் உள்ளே இருக்கும் கம்பி வெளியே வரும். தளத்தின் வலு கெடும். சுவரை வேண்டுமானால் கொத்தலாம். ஆனால் நாலரை அங்குலச் சுவரில் குறுக்கே நீளமாகக் காடி வெட்டினால் சுவர் பாதியாகிவிடும். ஆகவே ஒரு நாள் மறதிக்கு வீடு உள்ளளவும் தண்டனை அனுபவிக்கிறோம்.

சன்னலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அது சுவரோடு பிறக்க வேண்டியது. எங்கள் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 10.7 பாகையில் இருக்கிறது. ஆகவே சித்திரை தொடங்கி ஆவணித் தொடக்கம் வரை நண்பகற் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்து நிற்கும். மார்கழியில் தெற்கே நன்றாகத் தாழ்ந்து வரும். கிழக்கிலும் மேற்கிலும் வரும் வெயில் படுத்து நுழைவதால் அதைச் சன்ஷேடு தடுக்காது. வடக்கிலும் தெற்கிலும் உள்ள சன்னலுக்குச் சிறு சன்ஷேடு போதும். வெயில் நின்று, வெளிச்சம் மட்டும் உள்ளே வரும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க ஒரு காசு செலவில்லை. ஆனால் சுவர் எழுமுன் போட வேண்டும்.

இனி ‘எல்இடி விளக்கு மலிவாகிவிட்டது, இரண்டு கூடப் போட்டால் சரியாகிவிடும்’ என்பார் சிலர். எல்இடி பெரிய வரப்பிரசாதம் என்பதில் ஐயமில்லை. வெள்ளை ஒளிக்கு வழிதிறந்த நீல எல்இடிக்காக அகசாகி, அமானோ, நகமுரா என்ற மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்ததை நம் துறை மாணவர் அறிவர். 60 வாட் குண்டு பல்பு ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் 18 யூனிட் ஆகும். அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்இடி மூன்று யூனிட்டுக்கும் குறைவாகவே எடுக்கும். வீடுகளுக்கு இரு மாதத்திற்கு 100 யூனிட் இலவசம் என்று 2016இல் தமிழக அரசு அறிவித்த பிறகு, சிக்கனமாக இருப்பவருக்கு விளக்குச் செலவு ஒரு பொருட்டே இல்லை.

ஆயினும் மலிவான விளக்கு தவறான இடத்தில் இருந்தால் மலிவான இருட்டையே தரும்! எங்கள் அடுக்களையை எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கு அறையின் நடுவில் இருக்கிறது; அடுப்பும் மேடையும் சுவரோரம். அம்மா அடுப்பைப் பார்த்து நின்றால் விளக்கு முதுகுக்குப் பின்னால். வெங்காயம் அரியும் பலகையில் விழுவது அம்மாவின் நிழல். ஒரு நோன்பு மாதத்தில், சஹருக்குச் சமைக்கும் பின்னிரவு நேரத்தில், கைப்பேசியிலுள்ள ஒளிமானி கொண்டு அளந்து பார்த்தேன். அம்மா விலகி நின்றபோது இருந்த வெளிச்சம், மேடையருகே வந்து நின்றதும் பாதிக்கும் கீழே இறங்கிற்று. இதற்குப் பெரிய விளக்குப் போட்டாலும் நிழல் அங்கேயேதான் விழும். மேடைக்கு மேலே, கண்ணில் படாமல், ஒரு சிறு விளக்கு வேண்டும். தூரம் இருமடங்கானால் ஒளியின் செறிவு நாலில் ஒன்றாகக் குறையும் என்று நாம் முதலாண்டில் படித்தோம் அல்லவா? அந்த விதி ஆய்வகத்தோடு நிற்பதில்லை, அடுக்களைக்குள்ளும் வருகிறது. பத்தடி உயரத்து விளக்கைவிட, இரண்டடி உயரத்தில் உள்ள அதே விளக்கு எவ்வளவு உழைக்கும் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

இன்னும் எத்தனையோ சிறு பிழைகள். கதவைத் திறந்தால் சுவிட்சு கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று கேளாமல் பெட்டி வைத்ததன் பயன். மின்விசிறிக்கு மேலே விளக்கு இருக்கும்; இறக்கை சுழலச் சுழல அறையெல்லாம் நிழல் துடிக்கும். மாடிப்படிக்குக் கீழே மட்டும் சுவிட்சு இருக்கும். மேலே போனவர் அணைக்க மறுபடி இறங்க வேண்டும். மேலும் கீழும் இயங்கும் இரட்டைச் சுவிட்சுக்கு ஒரு ஒயர் கூட வேண்டும். அதையும் தளம் போடுமுன் நினைக்க வேண்டும். இவை ஒவ்வொன்றும் அற்பமாகத் தோன்றும். ஆனால் நாற்பது ஆண்டு நாள்தோறும் அனுபவிக்கும் அற்பம், அற்பமாகாது.

ஏழைக்கு இது எதற்கு?

‘இதெல்லாம் மாளிகை கட்டுவோர் கவலை’ என்று கேட்பாரும் உண்டு. நான் மாறாக எண்ணுகிறேன். தமிழக அரசு 2024இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டின் அளவு 360 சதுர அடி. இவ்வளவு சிறிய வீட்டில் ஒரே அறையில் ஒருவர் சமைப்பார், ஒருவர் படிப்பார், ஒருவர் உறங்குவார். பெரிய வீட்டில் ஒரு சன்னல் தவறான இடத்தில் இருந்தால் வேறு அறைக்குப் போகலாம். சிறிய வீட்டில் போக இடமில்லை. ஆகவே இடம் குறைய, யோசனை கூட வேண்டும். யோசனைக்குச் சிமெண்ட் வேண்டியதில்லை.

1945இல் இந்தியாவுக்கு வந்து, பின்னாளில் கேரளத்தில் தங்கி, 2007இல் மறைந்த இலாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞரை இங்கே நினைக்கத் தோன்றுகிறது. செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கி, சுவரையே சல்லடையாக்கி, ஒளியும் காற்றும் வர வழி செய்தார். சன்னல் சட்டமும் கம்பியும் கண்ணாடியும் மிச்சம். திருவனந்தபுரத்தில் அவர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையம் இன்றும் அதற்குச் சாட்சியாக நிற்கிறது. வெளிச்சத்தை முன்கூட்டி நினைப்பவருக்குச் செலவு குறையவும் கூடும் என்பதற்கு அவரது வீடுகளே சான்று.

முற்றம் வைக்க மனையில் இடம் இல்லையா? நாலடிக்கு நாலடி ஒரு திறப்பைத் தளத்தில் விட்டு, சுற்றிலும் சுவர் உயர்த்தி, கம்பிவலை இட்டு, மேலே கண்ணாடிக் கூரை போடலாம். மழை வராது, திருடன் வரமாட்டான், பகலில் விளக்கும் வேண்டாம். அதுவும் இயலாவிடில் சுவர்களுக்கு வெள்ளையாவது அடிக்கலாம். வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பித் தரும். நாகரிகம் என்று கருதிப் பூசும் அடர்ந்த நிறங்கள் அதை விழுங்கிவிடும்.

நாம் செய்யக்கூடியது

அந்த விபத்துக்குப் பிறகு அத்தா ஒரு வழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறார். யாராவது புதுவீட்டு வேலைக்குக் கூப்பிட்டால், ‘சுவர் எழும்பிய பிறகு என்னைக் கூப்பிடாதீர்கள், கடைக்காலுக்குக் கயிறு பிடிக்கும் நாளில் கூப்பிடுங்கள்’ என்கிறார். அன்று மாலை இருட்டியபின் மனைக்குப் போகிறார். தரையில் சுண்ணாம்புக் கோடுதான் இருக்கும். வீட்டுப் பெண்களை அழைத்து, கையில் டார்ச்சு விளக்கைக் கொடுத்து, அந்தக் கோடுகளுக்குள் நடக்கச் சொல்கிறார். மூன்று கேள்விகள் கேட்கிறார். இரவில் எழுந்தால் எந்த வழியாக நடப்பீர்கள்? வேலை செய்யும்போது எந்தப் பக்கம் பார்த்து நிற்பீர்கள்? வீட்டில் முதியவரும் படிக்கும் பிள்ளைகளும் எங்கே இருப்பார்கள்? அவர்கள் நிற்கும் இடத்தில் எல்லாம் ஒரு முளைக்குச்சி அடிக்கிறார். விளக்குப் படம் அவ்வளவுதான். சபுரில் இருக்கும் வீட்டுக்காரருக்கு அந்தப் படம் கைப்பேசியில் போகிறது. முதலில் சிரித்தவர்கள் உண்டு. இப்போது, ‘உங்கள் குச்சி அடித்துவிட்டீர்களா?’ என்று அவர்களே கேட்கிறார்களாம்.

நண்பர்களே, நம்மில் பலர் இன்னும் சில ஆண்டுகளில் வேலைக்குப் போவோம். முதற்சம்பளத்தில் தாய்க்கு ஒரு புடவை எடுப்போம். பின்னர் வீடு கட்டுவோம். அப்போது மேஸ்திரியிடம் படத்தைக் கொடுக்குமுன், அம்மாவிடம் அந்தப் படத்தைக் கொடுப்போம். நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் மரம் நடுகிறோம். சாலை சீர் செய்கிறோம். மிகவும் நன்று. அத்தோடு வீடு கட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்களைச் சந்தித்து, ஒரு மாலைப் பொழுது அவர்களோடு சுண்ணாம்புக் கோட்டில் நடந்து பார்க்கலாமே! இயற்பியல் துறை ஒளிமானியைத் தரட்டும். பொருளியல் துறை கணக்கைப் போடட்டும். தமிழ்த் துறை அதை ஊருக்குப் புரியும் நடையில் துண்டறிக்கையாக எழுதட்டும்.

எங்கள் வீட்டில் இப்போது கொல்லைப் படிக்கு மேலே இரவெல்லாம் ஒரு சிறு விளக்கு எரிகிறது. அதன் கீழே நடக்க வேண்டியவர் படுக்கையறையில் உட்கார்ந்து, தலைமாட்டில் வைத்த செம்புத் தண்ணீரில் ஒளு செய்கிறார். அந்த விளக்கு நான்கு ஆண்டு தாமதமாக எரிகிறது. உங்கள் வீட்டு விளக்கு தாமதமாக எரிய வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.